நுவரெலியாக் காற்றும் கதிர்வீச்சு சிகிச்சையும்: கட்டிக்குள் ஒட்சிசன் குறைவதைப் பற்றி

வினா – நானுஓயா மகன்

வணக்கம். என் தாயார் நானுஓயாவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைக் கடந்துவிட்டது. அவருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்று உறுதியாகியிருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு ஏற்ற கட்டத்தைத் தாண்டிவிட்டதால், கண்டியில் வெளியிலிருந்து 25 தடவை கதிர்வீச்சும், அதனோடு வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும், பின்னர் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சும் வழங்கத் தீர்மானித்திருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 8.6 கிராம் என்று வந்தது. முதலில் இரத்தம் ஏற்ற வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, இரத்தம் குறைந்தால் கட்டிக்கு ஒட்சிசன் குறையும், ஒட்சிசன் குறைந்தால் கதிர் சரியாக வேலை செய்யாது என்று ஒரே வரியில் விளக்கிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தார். கிளினிக்கில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர் எவரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்.

ஆனால் அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் பெரிய வாதமாகிவிட்டது. மலையில் காற்று மெலிந்தது, இங்கே ஒட்சிசனே குறைவு, ஆகையால் மலையில் இருப்பவருக்குக் கதிர் பிடிக்காது, அம்மாவை வத்தளையில் அத்தை வீட்டில் தங்கவைத்து கொழும்புப் பக்கத்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் காட்டுவதே முறை என்கிறார் பெரியப்பா. அவ்வளவு தூரம் வேண்டாம், ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து இரவில் முகமூடி வைத்துக் கொடுத்தால் போதும் என்கிறார் மச்சான். கண்டியில் தொடங்கவிருக்கும் சிகிச்சையைக் கைவிட்டு மகரகமைக்குப் போனால் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பது என் பயம். மலை உயரத்துக்கும் இதற்கும் உண்மையில் தொடர்பு உண்டா, கட்டிக்குள் ஒட்சிசன் குறைவது என்றால் என்ன, நாங்கள் வீட்டிலிருந்து செய்யக்கூடியது எதுவும் உண்டா என்பதை விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி – பேராதனை, ஓய்வுபெற்ற மருத்துவப் பௌதிகவியலாளர்

தம்பி, வைத்தியர் சொன்ன வரி சரி. அதிலிருந்து பெரியப்பா வந்து சேர்ந்த முடிவு சரியன்று. ஏன் என்பதைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசித்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

எக்ஸ் கதிரோ கோபாற்று இயந்திரத்தின் காமாக் கதிரோ உடலுக்குள் செல்லும்போது கட்டியைச் சுட்டுப் பொசுக்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கலத்தின் பெரும்பகுதி நீர். கதிரின் சக்தியால் அந்த நீர் மூலக்கூறுகள் உடைந்து ஐதரொட்சில் மூலிகங்கள், அதாவது எதனோடும் உடனே வினைபுரியத் துடிக்கும் துணுக்குகள், தோன்றுகின்றன. அவை பக்கத்திலுள்ள டி.என்.ஏ. இழையிலிருந்து ஓர் ஐதரசன் அணுவைப் பறித்துவிட, டி.என்.ஏ.யே ஒரு மூலிகமாகி நிற்கிறது. அடுத்து நடப்பது ஒட்சிசன் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. கலத்தில் இயல்பாக உள்ள குளுத்தாதயோன் போன்ற கந்தகச் சேர்வைகள் முந்திக்கொண்டு இழந்த ஐதரசனைத் திருப்பிக் கொடுத்தால் சேதம் அந்த இடத்திலேயே சரியாகிவிடும். ஒட்சிசன் முந்திக்கொண்டு ஒட்டினால் அங்கே ஒரு பரவொட்சைட்டு உருவாகி, எளிதில் திருத்த முடியாத சேதமாக நிலைத்துவிடும். இந்தப் போட்டி முழுவதும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே கதிர் பாயும் அந்தக் கணத்தில் ஒட்சிசன் கலத்துக்குள் இருக்க வேண்டும். முதல் நாள் இரவு இருந்ததும் மறுநாள் வரப்போவதும் இந்தக் கணக்கில் சேரா. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெரியப்பாவுக்கும் மச்சானுக்கும் உரிய மறுமொழி இதற்குள்தான் இருக்கிறது.

ஒட்சிசன் நன்றாகக் கிடைக்கும் கலத்தைக் கொல்லத் தேவையான அளவோடு ஒப்பிட்டால், ஒட்சிசன் அற்ற கலத்தைக் கொல்ல ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை எக்ஸ் கதிர் தேவைப்படுகிறது. ஒரு நாளைக்குக் கொடுக்கும் 2 கிறே (கிறே என்பது கதிர் அளவின் அலகு), ஒட்சிசன் அற்ற கலத்துக்கு முக்கால் கிறே போலத்தான் உறைக்கும். ஆனால் இந்த உறவு நேர்கோடாகச் செல்வதில்லை. ஒட்சிசனின் பகுதி அமுக்கம் (இழையத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் அளவு) பூச்சியத்திலிருந்து 3 மில்லிமீற்றர் இரசம் வரை உயரும்போதே வித்தியாசத்தின் பாதி கிடைத்துவிடுகிறது. இருபது, முப்பது மில்லிமீற்றரைத் தாண்டிய பின் எவ்வளவு கூட்டினாலும் கதிரின் வலிமை மேற்கொண்டு கூடுவதில்லை என்றே சொல்லலாம். உடலின் இயல்பான இழையங்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்கு மேலே இருப்பதால், சிக்கல் ஒரு சில மில்லிமீற்றருக்குக் கீழே கிடக்கும் கட்டிக் கலங்களில் மட்டுமே எழுகிறது.

இது இன்று நேற்றுக் கண்டறிந்த விடயமன்று. வியன்னாவில் கொட்வால்ட் ஷ்வார்ஸ் என்பவர், கதிர் கொடுக்கும்போது தோலை அழுத்தி அங்கே குருதி ஓட்டத்தைக் குறைத்தால் தோலின் பாதிப்பும் குறைகிறது என்று 1909இலேயே கவனித்தார். அதைச் சிகிச்சையின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் பிரித்தானியப் பௌதிகவியலாளர் லூயிஸ் ஹரோல்ட் கிறே. கதிர் அளவின் அலகுக்கு இன்று அவர் பெயர்தான் வழங்குகிறது. 1953இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, கதிர் படும் வேளையில் இழையத்தில் கரைந்திருக்கும் ஒட்சிசனின் அளவு சிகிச்சையின் பலனைத் தீர்மானிக்கும் ஒரு காரணி என்று நிறுவியது. இரண்டு ஆண்டுகளின் பின் தொம்லின்சனும் கிறேயும் மனித நுரையீரல் புற்றுநோயின் வெட்டுமுகங்களை நுணுக்குக்காட்டியில் அளந்தார்கள். கட்டிக் கலங்கள் தண்டுகளைப் போல வளர்ந்திருந்தன. குருதிக்குழாய்கள் அவற்றின் வெளிப்புறத்தில் மட்டுமே இருந்தன. ஆரை 160 மைக்குரோமீற்றருக்குக் குறைந்த தண்டுகளின் நடுவே இறந்த கலங்கள் காணப்படவில்லை. 200 மைக்குரோமீற்றரைத் தாண்டிய ஒவ்வொன்றின் நடுவிலும் இறந்த பகுதி இருந்தது. குருதிக்குழாயிலிருந்து பரவிச் செல்லும் ஒட்சிசனை வழியிலுள்ள கலங்கள் உறிஞ்சி முடித்துவிடுவதால் அது ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்குத் தூரம்கூடப் போய்ச் சேர்வதில்லை. தோட்டத்துக் குழாயில் மேல் லயத்து வீட்டு வரிசையார் பிடித்தது போக, கடைசி லயத்துக்குச் சொட்டாக வரும் தண்ணீரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; அந்தக் கடைசி லயத்தில்தான் நமது பிரச்சினைக்குரிய கலங்கள் குடியிருக்கின்றன. அவை செத்துப் போயிருந்தால் நல்லது. சாகாமல், குறைந்த ஒட்சிசனில் காலம் தள்ளிக்கொண்டு, கதிருக்கும் தப்பி, பிறகு பெருகுவதுதான் ஆபத்து.

இதில் இன்னொரு வகையும் உண்டு. கட்டியின் குருதிக்குழாய்கள் ஒழுங்கற்று வளர்ந்தவை. சில நேரம் அடைபடும், சில நேரம் திறக்கும். அதனால் இன்று ஒட்சிசன் இல்லாதிருந்த மூலைக்கு நாளை கிடைக்கலாம், இன்று கிடைத்த மூலைக்கு நாளை கிடைக்காமலும் போகலாம். முழு அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் 25 தடவையாகப் பிரிப்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஒட்சிசன் பெற்ற கலங்கள் முதலில் மடிகின்றன. அவை உறிஞ்சிவந்த ஒட்சிசன் மிஞ்சுகிறது, கட்டியும் சுருங்குகிறது, ஆழத்தில் மறைந்திருந்த கலங்களுக்கு ஒட்சிசன் எட்டுகிறது, அடுத்த தடவை அவையும் கதிருக்கு அகப்படுகின்றன. இதை மீள ஒட்சிசனேறல் என்கிறோம். கதிர்வீச்சு சிகிச்சையால் பெரிய கட்டிகளைக்கூடக் குணப்படுத்த முடிவதற்கு இந்த இயல்புக்குப் பெரும் பங்குண்டு.

இனி மலைக்கு வருவோம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. பெரியப்பா சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆயினும் ஈமோகுளோபினின் இயல்பு காரணமாக, அந்த உயரத்திலும் ஆரோக்கியமான ஒருவரின் நாடிக் குருதி 95 வீதத்தை அண்டிய அளவில் ஒட்சிசனால் நிரம்பியே இருக்கும். பல ஆண்டுகள் மலையில் வாழ்ந்த உடல் அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொண்டும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று உண்டு. உங்கள் தாயாருக்குக் கதிர் பாயப்போவது நானுஓயாவில் அன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில். கதிர் பாயும் கணத்து ஒட்சிசனே கணக்கு என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தக் கணத்தில் அவர் சுவாசிப்பது கண்டிக் காற்று. அதற்கும் மகரகமைக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதன்று. இதற்காகக் கிடைத்த இடத்தை விட்டுப் போகாதீர்கள்.

மறுமொழி – பண்டாரவளை இரசாயனவியல் ஆசிரியர்

மேலே ஐயா எழுதியதற்கு ஒரு சிறு கணக்கைச் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. உயர்தர மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சியைப் போன்றதுதான். சிலிண்டர் பற்றிய கேள்விக்கு இதில் விடை இருக்கிறது.

ஒரு கிராம் ஈமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். உங்கள் தாயாரின் 8.6 கிராம் முழுமையாக நிரம்பினால், ஒவ்வொரு டெசிலீற்றர் குருதியும் சுமார் 11.5 மில்லிலீற்றர் ஒட்சிசனை எடுத்துச் செல்லும். அது 12 கிராமாக உயர்ந்தால் 16 மில்லிலீற்றர். அதாவது நான்கரை மில்லிலீற்றர் இலாபம். சிலிண்டரால் கிடைப்பது என்ன? ஈமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் அதில் மேலும் ஏற்ற இடமில்லை. கூடுதல் ஒட்சிசன் குருதித் திரவத்தில் கரைந்துதான் செல்ல வேண்டும். கரையும் அளவு மிகச் சிறிது, ஒரு மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்கு டெசிலீற்றரில் 0.003 மில்லிலீற்றர். இறுக்கமான முகமூடியில் தூய ஒட்சிசனையே சுவாசித்தாலும் மேலதிகமாகக் கிடைப்பது இரண்டு மில்லிலீற்றரைத் தாண்டாது. வீட்டில் பயன்படுத்தும் சாதாரண முகமூடியில் அதைவிட மிகக் குறைவு. முகமூடியைக் கழற்றிய சில நிமிடங்களில் அதுவும் இல்லாமல் போய்விடும். இரவு நானுஓயாவில் சுவாசித்த ஒட்சிசன் மறுநாள் கண்டியிலுள்ள இயந்திரத்தின் கீழ் ஒரு துளிகூட மிஞ்சியிராது. ஏற்றிய இரத்தமோ வாரக்கணக்கில் உடலில் தங்கி, ஒவ்வொரு நாளும் கதிரின் வேளையில் கடமையில் இருக்கும்.

விறகடுப்பு எரியும் வீட்டில் ஒட்சிசன் சிலிண்டரை வைப்பது தீ விபத்துக்கு வழி என்பதையும் மச்சானிடம் சொல்லுங்கள்.

உயரம் பற்றிய இன்னொரு பக்கமும் கவனிக்கத் தக்கது. மலையில் வாழ்பவரின் உடல் இயல்பாகவே சற்றுக் கூடுதலான ஈமோகுளோபினை உற்பத்தி செய்யும். அதனால்தான் குருதிச்சோகையை மதிப்பிடும்போது வாழுமிடத்தின் உயரத்துக்கேற்ப அளவைத் திருத்திக்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நுவரெலியாவில் வாழும் ஒருவருக்கு 8.6 என்று வந்தால், கொழும்பில் அதே எண் வந்தவரைவிட அவருடைய சோகை சற்று ஆழமானது என்றே கொள்ள வேண்டும். மலையைப் பற்றிக் கவலைப்படுவதானால் இந்த இடத்தில் கவலைப்படலாம்.

மறுமொழி – ஹற்றன் வாசகி

என் அப்பாவுக்குக் குரல்வளைப் புற்றுநோய் வந்து மகரகமையில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்தது. முதல் நாளே அங்குள்ள விசேட வைத்திய நிபுணர், பீடியை இன்றோடு நிறுத்தினால்தான் இயந்திரத்தில் படுக்கலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோய் வந்தபின் நிறுத்தி என்ன பயன் என்று அப்பா முணுமுணுத்தார். நாங்களும் அவ்வாறே நினைத்தோம், வயதானவரை ஏன் வருத்த வேண்டும் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. இந்தத் திரியை வாசித்த பிறகு, அதுவும் ஒட்சிசன் தொடர்பான கண்டிப்புத்தானா என்ற சந்தேகம் எழுகிறது. பேராதனை ஐயா விளக்குவாரா?

மறுமொழி – பேராதனை, ஓய்வுபெற்ற மருத்துவப் பௌதிகவியலாளர்

ஆம் மகள், பெரும்பாலும் அதுவே காரணம். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. அது பிடித்த இடத்தில் ஒட்சிசன் ஏற முடியாது. அதோடு, மீதி இடங்களில் ஏறிய ஒட்சிசனையும் ஈமோகுளோபின் இழையத்தில் இறக்கிவிடத் தயங்குகிறது. தொடர்ந்து புகைப்பவரின் குருதிப் பரிசோதனையில் ஈமோகுளோபின் 13 கிராம் என்று வரலாம். அதில் ஒரு பகுதி வேலைக்கு வராத ஆள் என்று பரிசோதனைத் தாள் காட்டாது. தலை, கழுத்துப் புற்றுநோயாளர்களிடம் கனடாவில் நடந்து 1993இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சுக் காலம் முழுவதும் புகைத்துக்கொண்டே இருந்தவர்களில் 45 வீதமானோருக்கும், புகைக்காதவர்களிலும் நிறுத்தியவர்களிலும் 74 வீதமானோருக்கும் கட்டி முற்றாகக் கரைந்தது. இந்த இடைவெளி முழுவதற்கும் ஒட்சிசன் ஒன்றே காரணம் என்று அந்த ஆய்விலிருந்து முடிவு கட்ட முடியாது. புகைப்பவர்களிடம் வேறு வேறுபாடுகளும் இருக்கும். ஆயினும் உங்கள் அப்பாவைக் கண்டித்த நிபுணர் சரியாகவே கண்டித்தார்.

நானுஓயாத் தம்பி, உங்கள் தாயார் புகைப்பதில்லை என்றே எண்ணுகிறேன். ஆனால் விறகடுப்பை ஆசிரியர் குறிப்பிட்டபோது எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். புகைபோக்கி இல்லாத, சன்னல் சாத்திய லயத்துச் சமையலறையில் எரியும் அடுப்பின் புகையிலும் அதே காபனோரொட்சைட்டு இருக்கிறது. சாதாரண காற்றைச் சுவாசிக்கும்போது உடலிலுள்ளதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணித்தியாலங்கள் பிடிக்கும். ஆகவே அதிகாலை அடுப்படியில் இருந்துவிட்டுப் புறப்படுபவர் அதில் கணிசமான பங்கைத் தன்னுடன் கண்டி வரை சுமந்துகொண்டுதான் வருவார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் அடுப்புப் புகைக்கும் இடையே இந்த வகையில் எவரும் ஆய்வு செய்து கண்டதாக நான் சொல்லவில்லை. இது உடற்றொழிலியலிலிருந்து நான் செய்யும் அனுமானம். ஆனால் சிகிச்சைக் காலத்தில் அம்மாவை அடுப்படியிலிருந்து விலக்கி வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லையே. மலைக் காற்றின் மெலிவைவிட அடுப்படிக் காற்றின் கனம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

வினாவின் தொடர்ச்சி – நானுஓயா மகன்

ஐயா, ஆசிரியர், அக்கா ஆகிய மூவருக்கும் நன்றி. ஆசிரியரின் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பின் மச்சான் சிலிண்டர் பேச்சை விட்டுவிட்டார். பெரியப்பா இன்னும் முழுதாக இணங்கவில்லை, ஆனால் கண்டியிலேயே தொடங்குவதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

இன்னும் சில கேள்விகள் உண்டு. இரத்தம் ஏற்றுவதற்குப் பதிலாக இரத்தத்தை ஊறவைக்கும் ஊசி ஒன்று இருப்பதாக, சிறுநீரக நோயாளியான உறவினர் ஒருவர் சொன்னார். அது இதற்குப் பொருந்துமா? ஒட்சிசனுக்குப் பதிலாக வேலை செய்யும் மாத்திரை உண்டு என்று இணையத்தில் படித்தேன், அது மெட்ரோனிடசோல் இனத்தைச் சேர்ந்ததாம். வயிற்றோட்டத்துக்கு எங்கள் தோட்ட மருந்தகத்தில் கொடுப்பது அதுதானே? தங்கை உடம்பு தேறட்டும் என்று விற்றமின் சீ, ஈ மாத்திரைகள் வாங்கி வைத்திருக்கிறாள். அம்மாவோ எங்கள் ஊர் வழக்கப்படி சாப்பாட்டோடு சாயத் தேநீர் இல்லாமல் இருக்க மாட்டார்; அதனால் இரும்புச் சத்து ஏறாது என்று தாதி ஒருவர் சொன்னார்.

மறுமொழி – கண்டி, புற்றுநோய்ப் பிரிவு வைத்தியர்

உங்கள் தாயாரை நேரில் பார்க்கும் வைத்தியரின் தீர்மானமே இறுதியானது. நான் பொதுவாகவே எழுதுகிறேன்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஒட்சிசன் குறைவின் பங்கு மற்றப் புற்றுநோய்களைவிடத் தெளிவாக ஆராயப்பட்டிருக்கிறது, ஏனெனில் அந்தக் கட்டிக்குள் நேரடியாக ஊசி போன்ற மின்வாயைச் செலுத்தி ஒட்சிசனை அளக்க முடிந்தது. ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் 1990களில் அவ்வாறு அளந்தவர்கள், இடைநிலை அளவு 10 மில்லிமீற்றர் இரசத்துக்குக் குறைந்த கட்டிகளை உடையோருக்கு நோய் மோசமாகச் சென்றதைக் கண்டார்கள். அவர்களுள் கதிர்வீச்சு பெறாமல் சத்திரசிகிச்சை மட்டும் செய்துகொண்டவர்களிடமும் அதே போக்குத் தெரிந்தது. இது முக்கியமான செய்தி. ஒட்சிசன் குறைவு கதிரை வலுவிழக்கச் செய்வதோடு, கட்டியின் குணத்தையே மூர்க்கமாக்குகிறது. ஒட்சிசன் குறைந்ததைக் கலம் எவ்வாறு உணர்ந்து தன் மரபணுக்களை மாற்றி இயக்குகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இரத்தம் ஏற்றுவதற்கு வருவோம். ரொறொன்ரோவில் 1970களில் செய்த ஆய்வு, ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்த பெண்களுக்கு இடுப்பறையில் நோய் திரும்புவது கூடுதல் என்றும், இரத்தம் ஏற்றி அளவை உயர்த்தியவர்களிடம் அது குறைந்தது என்றும் காட்டியது. அந்த ஒப்பீட்டில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை சிறிது. பிற்காலத்தில் டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுநோயாளர்களிடம் இரத்தம் ஏற்றிப் பார்த்தபோது நன்மை தெரியவில்லை. சோகை ஒரு கெட்ட அறிகுறி என்பதில் ஐயமில்லை, அதைத் திருத்தினால் எவ்வளவு நன்மை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 8.6 கிராமோடும், அந்த நோயில் வழமையான இரத்தப் போக்கோடும், சிஸ்பிளாட்டினோடும் ஒருவரைச் சிகிச்சைக்கு அனுப்புவதை நானும் விரும்ப மாட்டேன்; அந்த மருந்தே ஈமோகுளோபினை மேலும் இறக்கும். ஏற்றச் சொன்னது நல்ல தீர்மானம்.

உங்கள் உறவினர் சொன்ன ஊசி எரித்ரோபொயட்டின். சிறுநீரக நோயாளருக்கு அது வரப்பிரசாதம். இங்கே கதை வேறு. கதிர்வீச்சு பெற்ற தலை, கழுத்துப் புற்றுநோயாளருக்கு அதைக் கொடுத்துச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வில் ஈமோகுளோபின் அழகாக உயர்ந்தது, ஆனால் ஊசி பெற்றவர்களுக்கே நோய் கூடுதலாகத் திரும்பியது. ஈமோகுளோபின் அளவை உயர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எங்கள் துறையின் நம்பிக்கைக்கு விழுந்த அடி அது. குணப்படுத்தும் நோக்கோடு கதிர்வீச்சு பெறுபவருக்கு அதை நாங்கள் கொடுப்பதில்லை.

மாத்திரை விடயத்தில் நீங்கள் படித்தது பொய்யன்று. மெட்ரோனிடசோல் அடங்கிய நைற்றோஇமிடசோல் இன மருந்துகள், ஒட்சிசன் செய்யும் வேலையைக் கட்டிக்குள் ஓரளவு செய்யக்கூடியவை. ஒட்சிசனைப் போல வழியிலேயே செலவழிந்து போகாமல் ஆழம் வரை பரவுபவை. கனடாவின் எட்மன்டனில் மெட்ரோனிடசோலையே மூளைக் கட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1976இல் முடிவை வெளியிட்டார்கள். ஆனால் அதற்குத் தேவைப்பட்ட அளவு, வயிற்றோட்டத்துக்குக் கொடுப்பதைவிடப் பன்மடங்கு பெரியது. அடுத்து வந்த மிசோனிடசோல் நரம்புகளைப் பாதித்ததால் கைவிடப்பட்டது. டென்மார்க்கில் நிமோரசோல் தொண்டைப் புற்றுநோய்களில் பயன் தந்ததால் அங்கே அது வழமையான சிகிச்சையாகவே ஆனது. பிரித்தானியாவில் அண்மையில் நடந்த பரிசோதனையோ பயன் காட்டவில்லை. எனவே தோட்ட மருந்தகத்து மெட்ரோனிடசோலை இந்த நோக்கில் ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

ஒட்சிசனைச் சுவாசிக்கக் கொடுத்துக் கதிர் பாய்ச்சும் முறைகளும் முயன்று பார்க்கப்பட்டவையே. இலண்டனில் 1950களில் நோயாளியை உயர் அமுக்கக் கலனுக்குள் கிடத்தி ஒட்சிசன் கொடுத்தார்கள். சில வகைப் புற்றுநோய்களில் பயன் தெரிந்தாலும் அன்றாடம் செய்ய அது மிகவும் சிரமமாக இருந்தது. பிரித்தானியாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளருக்கு, ஒட்சிசனோடு 2 வீதம் காபனீரொட்சைட்டு கலந்த வாயுவையும் நிக்கொற்றினமைட்டு மாத்திரையையும் கொடுத்தபோது ஆயுள் கூடியது. 2010இல் அந்த முடிவு வெளியானது. தூய ஒட்சிசன் குருதிக்குழாய்களைச் சுருக்கிவிடும் என்பதற்காகவே காபனீரொட்சைட்டைக் கலந்தார்கள். இவை எல்லாமே இயந்திரத்தின் கீழ், கதிர் பாயும் நேரத்தில் செய்தவை. பேராதனை ஐயா வலியுறுத்திய கணத்தை எவராலும் தவிர்க்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தங்கையின் மாத்திரைகளைச் சிகிச்சை முடியும்வரை அலுமாரியில் வைத்துவிடுங்கள். சேதமடைந்த டி.என்.ஏ.யை மீட்கும் குளுத்தாதயோனைப் பற்றி மேலே படித்தீர்கள். விற்றமின் சீ, ஈ போன்ற ஒட்சியேற்ற எதிரிகளும் பேரளவில் அதே பக்கத்துக்குத் துணை போகலாம் என்பது நியாயமான அச்சம். கனடாவில் தலை, கழுத்துக் கதிர்வீச்சின்போது விற்றமின் ஈ மாத்திரை கொடுத்துப் பார்த்த பரிசோதனையில் அதைப் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. பழமும் கீரையும் உணவாக உண்பதில் எந்தத் தடையும் இல்லை.

தாதி சொன்னதும் சரி. சாயத் தேநீரிலுள்ள பொலிபீனோல்கள் உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்ச விடுவதில்லை. தேநீரை நிறுத்தச் சொல்லி மலையகத்துத் தாய் ஒருவரிடம் வாதாடி வென்றவர்களை நான் கண்டதில்லை. சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள், போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றே எனக்கு மிக முக்கியமானது. வெளிக் கதிர்வீச்சும் உட்கதிர்வீச்சும் சேர்ந்து எட்டு வாரங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். நடுவில் நாட்கள் தவறினால், தப்பிய கலங்கள் பெருகிவிடும். ஒட்சிசன் ஏறியதால் கிடைத்த இலாபம் அதில் கரைந்துவிடும். பஸ் கட்டணம் இல்லை, மழையில் பாதை மூடியது, வீட்டில் திருவிழா என்று இடையில் நின்றுபோகும் தோட்டத்துப் பெண்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கண்டியில் தங்க உறவினர் வீடு இல்லையென்றால் இப்போதே வார்டின் தாதியிடம் சொல்லி வையுங்கள், விடுதியில் அனுமதிக்க முடியுமா என்று பார்ப்பார்கள். உட்கதிர்வீச்சுக்குத் தரும் திகதிகளை முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பெறுங்கள். ஈமோகுளோபின் ஒவ்வொரு வாரமும் பார்க்கப்படும். அந்தத் தாளை உங்கள் கையிலும் வைத்திருங்கள். மீண்டும் இறங்கத் தொடங்கினால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றே காட்டுங்கள்.

மறுமொழி – நானுஓயா மகன்

நன்றி டொக்டர். நேற்று இரத்தம் ஏற்றிய பின் 10.9 என்று வந்திருக்கிறது, திங்கட்கிழமை தொடங்குகிறார்கள். தங்குவதற்குக் கட்டுகஸ்தோட்டையில் சின்னம்மா வீடு இருக்கிறது. அங்கே காஸ் அடுப்பு.